அம்மா சொன்ன சொல்

போன மாதம் இங்கே சிங்கப்பூரில் அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டர் 'டிப்ரஷனாக இருக்கலாம்' என்றார். நான் அவசரமாக, "மன அழுத்தம்னு சொல்றாங்கம்மா" என்றேன். அம்மா உடனே, "அதுக்குத்தான் தினமும் மாத்திரை போடுறேனே" என்றார். ரத்த அழுத்தம் என்று நினைத்துக்கொண்டார். தவறு என்னுடையது.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதப்போகும் பிள்ளையின் பதற்றத்தையும் மன அழுத்தம் என்கிறோம். மாதக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் கிடப்பவரின் நோயையும் அப்படியே சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. மனச்சோர்வு என்பது இன்னும் பொருத்தம். ஆனால் அம்மா அதைக் கேட்டால், 'வயசாச்சுல்ல, சோர்வு இருக்காதா' என்று முடித்துவிடுவார்.

டிப்ரஷனுக்கு லத்தீன் மூலத்தில் 'கீழே அழுத்துவது' என்று பொருள். சாக்கடல் கிடக்கும் பள்ளமும் டிப்ரஷன்தான். வானிலையில் அதுவே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். இந்திய வானிலைத் துறைக் கணக்கில் காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் அந்தப் பெயர். அங்கே அழுத்தம் குறைவு என்பதைக் கவனியுங்கள். மனசுக்கு வந்தால் மட்டும் நாம் அழுத்தம் என்கிறோம். நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூர்ப் பக்கம் புயல் அபூர்வம். 2001 டிசம்பரில் வந்த வாமெய் போல எப்போதாவதுதான். அம்மா பிறந்த நாகப்பட்டினத்திலோ தாழ்வு மண்டலம் என்று ரேடியோவில் சொன்னாலே விறகை உள்ளே எடுத்துவைப்பார்களாம்.

அதே நாகப்பட்டினத்தில்தான் அம்மாவின் தாத்தா மலாயாவிலிருந்து திரும்பிக் கப்பல் இறங்கினார். 1929க்குப் பிறகு ரப்பர் விலை சரிந்து, தோட்டங்களில் வேலையில்லாமல் போய், தமிழர்களைக் கூட்டங்கூட்டமாக ஊருக்கு அனுப்பிய காலம். ஆங்கிலத்தில் அதுவும் டிப்ரஷன். தமிழில் பெருமந்தம்.

மந்தம்! வயிறு சரியில்லையென்றால் மந்தம். வியாபாரம் ஓடாவிட்டால் மந்தம். வெயிலே தெரியாமல் மேகம் மூடிக் கிடந்தால் அம்மா 'மந்தாரமா இருக்கு' என்பார். இத்தனை வருஷமாக வீட்டிலேயே புழங்கிய சொல், அந்த அறையில் எனக்கு வாய்க்கு வரவில்லையே என்று இன்னும் வருத்தமாக இருக்கிறது.

அது வந்தது அம்மாவிடமிருந்துதான். "நான் சொன்னத விடுங்கம்மா, உங்களுக்கு எப்படி இருக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, "மந்தமா இருக்கு" என்றார். "வயிறு இல்ல. மனசு. ரேடியோவுல ஒலி 96.8 கூடப் போடுறதில்ல. தேக்கா மார்க்கெட்டுக்குப் போகவே தோணல."

எவ்வளவு நாளாக என்று டாக்டர் கேட்கச் சொன்னார். இரண்டு வாரம் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தீபாவளிக்கு முன்னால இருந்தே" என்றார் அம்மா.