இட்லி தீர்ந்த பிறகு எழுந்திருப்பவர்கள்

காலை முதல் வகுப்பில் பாதிப் பேர் வெறும் வயிற்றோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டால், "பஸ் போய்விடும் மேடம்" என்பார்கள். விடுதிப் பிள்ளைகளின் கதை வேறு: நள்ளிரவு தாண்டியும் கைபேசி, எழுந்து வரும்போது மெஸ்ஸில் இட்லி தீர்ந்திருக்கும். பிறகு கேன்டீனில் ஒரு டீ, ஒரு சமோசா.

இதே பிள்ளைகள்தான் "எதிலும் நாட்டமில்லை" என்று வந்து அழுகிறார்கள். வீடு, காதல், அரியர் என்று அழுகைக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் இரத்தசோகையும் தூக்கமின்மையும் ஏறக்குறைய இதே முகத்தைத்தான் காட்டும்: சோர்வு, எரிச்சல், கவனச் சிதறல். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வதும் குறையும்.

மாலை ஆறு மணிக்கே விடுதிக் கதவைப் பூட்டிவிட்டு, "நடைப்பயிற்சி செய்யுங்கள்" என்று அறிவுரை வேறு சொல்கிறோம். எங்கே நடப்பது, மாடிப்படியிலா?

ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. தூங்கியும் சாப்பிட்டும் மனம் தேறவில்லை என்றால் 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.