ஐயாவோட சாந்தி போட்டோவும் ஒரு குட்டி ஜம்பரும்

போன வாரம் படைப்புக்கு (முன்னோருக்குப் படையல் போட்டுக் கும்புடுறது) ஊருக்குப் போயிருந்தேன், காரைக்குடி பக்கம்தான். ரெண்டாங்கட்டு ரூம்ல பித்தளை அண்டாவுக்குப் பின்னாடி அப்பச்சியோட (எங்க பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்லுவோம்) பழைய கம்ப்யூட்டர் கெடந்துச்சு. கழட்டுனா உள்ள ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஒண்ணு செத்துப்போச்சு, இன்னொண்ணு 20 ஜிபி. ஐயாவோட, அதாவது தாத்தாவோட, சாந்தி கல்யாண (அறுபதாம் கல்யாணம்) போட்டோ எல்லாம் அதுலதான் இருக்குன்னு அப்பத்தா ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டே இருக்காக.

என் லேப்டாப்ல இருக்கறதே ரெண்டு டைப்-சி ஓட்டைதான், இதுவோ டிஸ்க்கை மாட்ட சாட்டாங்கிற சன்னக் கேபிள் வர்றதுக்கு முன்னாடி காலத்து 40 பின் ஐடிஇ, பட்டைக் கேபிள்ல மாட்டுறது. (அதுல ஒரு பின் இருக்காது, 20வது, கேபிளைத் தலைகீழா மாட்டாம இருக்கத்தான், ஒடஞ்சிருச்சுன்னு பதறாதீங்க.) யூஎஸ்பி டு ஐடிஇ அடாப்டர் ஒண்ணு வாங்குனேன். பழைய லேப்டாப்போட 2.5 இஞ்ச் டிஸ்க்னா 44 பின், கரண்டும் அதுலயே வந்துரும், 5 வோல்ட் போதும். 3.5 இஞ்ச் அப்படி இல்ல, மோட்டார் சுத்த 12 வோல்ட் வேணும், அதனால தனி பவர் அடாப்டரோட வர்ற செட்டாவே பாத்து வாங்குங்க, காசு மிச்சம்னு வெறும் கேபிள் வாங்குனா தெண்டம்.

மாட்டுனேன், ஙொய்ங்னு சுத்துது, ஆனா லேப்டாப்ல ஒண்ணும் வரல. அரை நாள் போச்சு. அப்புறம்தான் டிஸ்க் பின்னாடி ஜம்பரைப் (ரெண்டு பின்னைச் சேத்துப் புடிக்கிற குட்டி பிளாஸ்டிக் மூடி) பாத்தேன், ஒரே கேபிள்ல ரெண்டு டிஸ்க் இருந்தா மொத டிஸ்க் மாஸ்டர், அடுத்தது ஸ்லேவ்னு அதாலதான் வைப்பாங்க, இது ரெண்டாவது டிஸ்க்கா இருந்ததால ஸ்லேவ்ல கெடக்கு, இந்த அடாப்டருக்கு மாஸ்டர்ல இருக்கணும். எந்த இடம்னு டிஸ்க் மேல ஸ்டிக்கர்லயே படம் போட்டிருந்துச்சு, நாந்தான் பாக்கல. நகத்தால புடுங்குனேன், தெறிச்சு ஆத்தங்குடிக் கல்லுத் தரையில விழுந்துருச்சு, அந்தப் பூ டிசைன்ல கருப்புக் கோட்டு மேல கருப்பு ஜம்பர், எங்க போய்த் தேட.

மண்டி போட்டுத் தடவிக்கிட்டு இருக்கேன், அப்பத்தா வந்து "என்ன தம்பி, தோட்டுத் திருகாணியா தேடுறே?"ன்னாக. அவுக கண்ணுலதான் பட்டுச்சு!

மாஸ்டர்ல மாட்டுனதும் டிரைவ் வந்துருச்சு. டிஸ்க்ல ஃபைலை அடுக்குற முறை விண்டோஸ் 98 காலத்து ஃபேட்32, இன்னைக்கும் படிக்குது. எதையும் தெறந்து பாக்காம மொதல்ல மொத்தத்தையும் காப்பி போட்டேன், வயசான டிஸ்க், எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது. மொய் லிஸ்ட் மட்டும் யூனிகோடுக்கு முந்துன ஃபாண்ட்ல அடிச்சதால எழுத்தெல்லாம் கோணல்மாணலா வருது, அத இன்னொரு நாள் பாக்கணும்.

போட்டோவைப் பெருசு பண்ணிக் காட்டுனேன். அப்பத்தா ஐயாவைப் பாக்கல, பக்கத்துல இருந்த வெள்ளிக் குடத்தைக் காட்டி "இது யாரு வீட்டுக்குடா போச்சு?"ன்னாக.