நல்ல தண்ணீர் என்று சொன்னது

“அப்ப இது நல்ல தண்ணிதான்னு சொல்றீங்களா தம்பி?” என்று, நீர் மாதிரி எடுக்க மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்த என்னிடம், மலைநீர் வந்து விழும் பீலியடியில் ஓர் அம்மா கேட்டபோது ஆமாம் என்று நான் சொன்ன பதிலில் பொய் எதுவும் இல்லை. அதே பீலியில் முன்பு எடுத்த நீர் மாதிரியின் பெறுபேறு என் கையில் இருந்தது. லீற்றருக்கு 1 மில்லிகிராம் என்ற இலங்கைத் தர எல்லைக்கு மிகவும் கீழேயே புளோரைட்டு இருந்தது. அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் பிள்ளைகளின் பற்களைக் கறையாக்கும் கிணறுகளைப் பார்த்தவன் என்ற முறையில், மலைநாட்டுத் தண்ணீரை நல்லதென்று சொல்ல நான் தயங்கவில்லை.

ஆனால் அவர் கேட்டது புளோரைட்டைப் பற்றி அல்ல. அவருடைய பசு, உரோமமே இல்லாத, தொண்டை வீங்கிய கன்றொன்றை இறந்த நிலையில் ஈன்றிருந்தது. மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. “மாடும் இதத்தான் குடிக்குது, எம் மகளும் இதத்தான் குடிக்கிறா” என்றார்.

அப்படிப்பட்ட கன்று அயடீன் குறைபாட்டின் அறிகுறியாக இருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். கடல் சூழ்ந்த தீவிலே, மழையோடு கடலின் அயடீனும் வந்து விழும் ஈரவலயத்திலே, அயடீன் குறைவால் தொண்டை வீங்கும் கண்டக்கழலை நோய் பரவியிருந்ததற்குக் காரணம் மண்ணில் அயடீன் அறவே இல்லாமற் போனது மட்டும் அல்ல. இருக்கும் அயடீனையும் மண்ணின் உக்கிய சேதனப் பொருளும் களிமண்ணும் இறுகப் பிடித்துக்கொள்வதால் அது புல்லுக்கும் கீரைக்கும் எளிதில் கிடைப்பதில்லை. மனிதருக்கு 1995 முதல் அயடீன் சேர்த்த உப்பு காவலாக இருக்கிறது. பள்ளத்துப் புல்லை மேயும் மாட்டுக்கு அந்தக் காவல் இல்லை. ஆகவே அந்த மண்ணின் நிலையை என் போத்தலைவிட அந்தப் பசுவே தெளிவாகக் காட்டியிருக்கக்கூடும்.

இருந்தும் ஒரு கன்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கன்று செத்துப் பிறக்க வேறு காரணங்களும் உண்டு, அதை ஆராய வேண்டியவர் மிருக வைத்தியர். அயடீன் நமக்குப் பெரும்பாலும் உணவிலிருந்துதான் கிடைக்கிறது என்பதால், தண்ணீரைக் கெட்டது என்று சொல்லியிருந்தால் அதுதான் தவறாகியிருக்கும். அந்த லயமே, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள் முழுவதுமே, பீலியைக் கண்டு அஞ்சி, அன்றாடச் சம்பளத்தில் போத்தல் தண்ணீர் வாங்கத் தொடங்கியிருக்கும். அயடீன் வீணாகாதிருக்க உப்பை அடுப்புப் பக்கம் திறந்து வைக்க வேண்டாம், கழுவிப் போட வேண்டாம், கன்று பிறந்த விதத்தை மருத்துவ மாதிடம் கட்டாயம் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயடீன் தேவை. மற்றப் பெரியவர்களுக்கு 150 போதும். இந்தக் கணக்கை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தலையாட்டினார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம், “தண்ணி நல்லதாம்” என்றார். நான் சொன்னவற்றில் அவரிடம் தங்கியது அது ஒன்றுதான்.

எங்கள் படிவத்தில் ஒவ்வொன்றுக்கும் மேல் எல்லை மட்டுமே உண்டு. எது குறைந்தால் கேடு என்று எழுத ஒரு கட்டமும் இல்லை. குறைவின் கேட்டைத் தோட்டங்கள் அறியாதவை அல்ல. மழை கழுவிக்கொண்டு போன மக்னீசியத்துக்கு ஈடாகத் தேயிலைக்கு டொலமைட்டு போடப்படுகிறது. செடியின் இலை மஞ்சளானால் உடனே விசாரணை நடக்கிறது. அதே மண்ணில் வாழும் பெண்ணுக்கும் பசுவுக்கும் அந்த அக்கறை ஏன் எட்டவில்லை என்று கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் என் பதிலை நியாயப்படுத்துகிறதா என்பது வேறு விடயம்.

குறிப்புப் பகுதியில் கன்றைப் பற்றி எழுதினேன். நீர் ஆய்வுக்குத் தொடர்பில்லை என்று இறுதி அட்டவணையில் அது நீக்கப்பட்டது. முறைப்படி பார்த்தால் அது சரிதான், நானும் கையொப்பமிட்டேன். இப்போது யாராவது தண்ணீரைப் பற்றிக் கேட்டால், முதலில் உப்பையும் மாட்டையும் பற்றி விசாரிக்கிறேன். அப்படி விசாரித்தவுடன் சிலர் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்றே பயந்துவிடுகிறார்கள். அவர்களிடமும் கடைசியில் தண்ணீர் நல்லது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.