விளக்கு எரியும்வரை வேலை கிடையாது

2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதும் உலகக் கோப்பை இறுதிப் போட்டி எருசலேம் நேரப்படி மாலை 5 மணிக்கு ஆரம்பம். யூதர்களின் எட்டு நாள் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவின் முதல் விளக்கை ஏற்ற வேண்டிய நேரமும் கிட்டத்தட்ட அதேதான். இந்தச் சிக்கலுக்கு நடுவில்தான் நான் போய் இறங்கினேன்.

என்னை அழைத்தது என் அலுவலகத் தோழி. மூன்று வருடமாகக் கணினித் திரையில் மட்டும் பார்த்துப் பேசியவள். "டிசம்பரில் வா, எண்ணெயில் பொரித்ததாகவே எட்டு நாளும் சாப்பிடலாம்" என்றாள். இப்படி ஒரு அழைப்புக்கு மறுப்பு சொல்ல எனக்குத் தெரியாது. அவளுடைய தாத்தா பாட்டி போலந்திலிருந்து வந்தவர்கள். அவள் கணவரின் பெற்றோர் மொராக்கோவின் ஃபெஸ் நகரத்திலிருந்து 1950களில் சிறுவர்களாக வந்தவர்கள். முதல் இரவுக்குப் போனது அந்த மொராக்கோ வீட்டுக்கு.

வீடு நஹ்லாவோத் பகுதியில். மஹனே யெஹுதா சந்தையை ஒட்டி, 1870களிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டப்பட்ட சிறு சிறு குடியிருப்புகளின் கூட்டம் அது. பொதுவாக ஒரு முற்றம், சுற்றிலும் கல் வீடுகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். எருசலேம் சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். டிசம்பர் மாலையில் அந்தக் கல்லெல்லாம் ஐஸ் மாதிரி ஆகிவிடுகிறது. நான் கொண்டுபோன ஸ்வெட்டர் சென்னையில் ஏ.சி. அறைக்கு வாங்கியது. போதவில்லை.

சந்துக்குள் நடக்கும்போது வாசலுக்கு வாசல் மீன்தொட்டி போன்ற கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தேன். உள்ளே வரிசையாகச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், ஆலிவ் எண்ணெய், திரி. காற்றில் அணையாமலிருக்கத்தான் பெட்டி. கதவின் வலப்புற நிலையில் மெசூசா இருக்கும், அதாவது வேத வசனம் எழுதிய தோல் சுருள் வைத்த சிறு உறை. அதற்கு எதிரே இடப்பக்கம் விளக்கு. உள்ளே நுழைகிறவர் இரண்டுக்கும் நடுவில் நுழைவார். விளக்கு வீட்டுக்கு வெளிச்சம் தருவதற்காக இல்லை, தெருவில் போகிறவன் பார்ப்பதற்காக. நடந்த அற்புதத்தை ஊருக்குச் சொல்வதுதான் இந்தப் பண்டிகையில் கடமையே.

அந்த அற்புதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் செலூசிட் அரசன் நான்காம் அந்தியோக்கஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி, யூத வழிபாட்டுக்கும் தடை போட்டான். மக்கபேயர் என்ற யூத குருமார் குடும்பத்தினர் கலகம் செய்து ஆலயத்தை மீட்டு, கி.மு. 164 வாக்கில் மறுபடி அர்ப்பணித்தார்கள். ஹனுக்கா என்றால் அர்ப்பணம். ஒரு நாளுக்கான தூய எண்ணெய் மட்டும் கிடைத்து அது எட்டு நாள் எரிந்த கதை, பல நூற்றாண்டு கழித்து வந்த பாபிலோனிய தல்மூத் என்ற யூதச் சட்டத் தொகுப்பில்தான் இருக்கிறது. போரை விவரிக்கும் மக்கபேயர் நூல்களில் எண்ணெய்ப் பேச்சே இல்லை. அந்த நூல்கள் எபிரேய வேதாகமத்திலும் இடம்பெறவில்லை, ஆனால் நம் ஊர்க் கத்தோலிக்கத் தமிழ் விவிலியத்தில் இருக்கின்றன. யோவான் நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில் இயேசு குளிர்காலத்தில் ஆலய மண்டபத்தில் நடப்பதாக வருமே, அதுவும் இந்தப் பண்டிகையின்போதுதான். பள்ளியில் மனப்பாடம் செய்த அதிகாரம். அப்போது யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். தோழியின் மாமனாரைப் பேரப்பிள்ளைகள் 'சாபா' (தாத்தா) என்றும் மாமியாரை 'சவ்தா' (பாட்டி) என்றும் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். சவ்தா என் கன்னத்தைப் பிடித்து "கப்பாரா" என்றார். நேர்ப்பொருள் பாவப்பரிகாரம். மொராக்கோ பாட்டிகள் வாயில் அது 'என் கண்ணே'.

சாபாவிடம் பித்தளையில் ஒரு பழைய ஹனுக்கியா, அதாவது ஹனுக்கா விளக்கு, இருந்தது. மேலே குதிரைலாட வளைவுகள் வெட்டிய தகடு, கீழே எண்ணெய் ஊற்ற எட்டுக் குழிகள், ஒரு பக்கம் உயரத்தில் ஒன்பதாவது குழி. ஃபெஸ்ஸில் இதைக் கதவையொட்டிய சுவரில் மாட்டுவார்களாம். இங்கே வந்த பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் சாய்த்து வைத்திருக்கிறார். எட்டுக் குழி எட்டு இரவுக்கு. ஒன்பதாவது ஷமாஷ், வேலைக்காரன் என்று பொருள். எட்டின் வெளிச்சத்தை எதற்கும் பயன்படுத்தக் கூடாது. அதில் புத்தகம் படிக்கக் கூடாது, காசு எண்ணக் கூடாது. பார்க்க மட்டும் செய்யலாம். தவறிப்போய் யாராவது அந்த வெளிச்சத்தில் எதையாவது செய்துவிட்டால், அது ஷமாஷின் வெளிச்சம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குத்தான் அது.

விளக்கு குறைந்தது அரைமணி நேரமாவது எரிய வேண்டும். அந்த அரைமணி நேரம் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்பது பழைய வழக்கம். சமைப்பது, துவைப்பது, தைப்பது எதுவும் கிடையாது. இதோடு சாபா தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்: விளக்கு எரியும்போது டி.வி.யும் கூடாது. "இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" என்று பதினோரு வயதுப் பேரன் கேட்டான். "என் வீட்டுச் சட்டம்" என்றார். பையன் அர்ஜென்டினாச் சட்டை போட்டிருந்தான். பாவமாக இருந்தது.

5 மணி தாண்டி மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு சாபா முற்றத்துக்கு வந்தார். முதல் இரவில் மட்டும் மூன்று ஆசீர்வாதங்கள், மற்ற இரவுகளில் இரண்டு. வலது ஓரத்துக் குழியில் திரியை ஏற்றி, கடைசியாக ஷமாஷை ஏற்றினார். ஒன்பது குழிகளில் இரண்டே சுடர்கள். எல்லோரும் பாடினார்கள். பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சவ்தாவும் உட்கார்ந்தார். நான் வந்ததிலிருந்து அவர் உட்கார்ந்து அப்போதுதான் பார்க்கிறேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ சினிமா பார்ப்பதுபோல அந்த இரண்டு சுடர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலி டம்ளர் ஒன்றை எடுத்து உள்ளே வைக்க எழுந்தேன். கையைத் தட்டி உட்கார வைத்தார்.

அந்த மாதத் தொடக்கத்தில்தான் எங்கள் வீட்டில் கார்த்திகைக்கு அகல் ஏற்றினோம். ஏற்றிய கையோடு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். பொரி உருண்டைப் பாகு பதம் தப்பிவிடுமாம்.

இருபது நிமிடம் போயிருக்கும். திடீரென்று சுற்றியிருந்த எல்லா வீட்டிலிருந்தும் ஒரே அலறல். பேரன் நாற்காலியிலிருந்து துள்ளினான். யார் போட்ட கோல் என்று தெரியாது, கேட்கவும் வழியில்லை. எதிர் வீட்டு மாடியிலிருந்து யாரோ "மெஸ்ஸி, பெனால்டி!" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினார். சாபா முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் சிரித்ததைப் பார்த்துவிட்டேன். அரைமணி முடிந்து சவ்தா எழுந்த சற்று நேரத்தில் அடுத்த அலறல். அது டி மரியா. பையன் அதற்குள் டி.வி. முன்னால் இருந்தான். பிரான்ஸ் 80, 81ஆம் நிமிடங்களில் இரண்டு கோல் போட்டுச் சமன் செய்ததையும், கூடுதல் நேரத்திலும் சமனாகி, கடைசியில் பெனால்டியில் அர்ஜென்டினா ஜெயித்ததையும் நான் அரைகுறையாகத்தான் பார்த்தேன். காரணம் ஸ்ஃபெஞ்ச்.

ஸ்ஃபெஞ்ச் என்பது மொராக்கோவின் பொரித்த பண்டம். மைதா, ஈஸ்ட், உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், அவ்வளவுதான். முட்டையோ பாலோ கிடையாது. மாவு தளர்வாக, கையை விடாமல் ஒட்டும். கையைத் தண்ணீரில் நனைத்து ஒரு உருண்டை கிள்ளி, நடுவில் கட்டை விரலால் துளையிட்டு, இழுத்து எண்ணெயில் விட வேண்டும். சவ்தா செய்வதைப் பார்த்ததுமே எனக்குக் கை துறுதுறுத்தது. உளுந்து வடை தட்டத் தெரிந்தவளுக்கு இது என்ன பெரிய வித்தை? அப்படி நினைத்தது தப்பு. வடை மாவு சொன்ன பேச்சு கேட்கும். இது ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு, விட்டதும் துளையை மூடிக்கொள்கிறது. முதல் நான்கு போண்டாவாகிவிட்டன. "எண்ணெயில் விடும்போதும் இழுத்துக்கொண்டே இரு" என்று கையைப் பிடித்துக் காட்டினார். சுடச்சுட சர்க்கரையில் புரட்டித் தின்ன வேண்டும். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. மொராக்கோக் கடைகளில் இதைப் பனையோலை நாரில் கோத்து முடிந்து கொடுப்பார்கள் என்று சவ்தா சொன்னதும் அந்த ஊர் மீது எனக்குத் தனிப் பாசம் வந்துவிட்டது.

அடுத்த நாட்களில் சந்தையில் சுற்றினேன். எங்கு பார்த்தாலும் சுஃப்கனியா, அதாவது ஜாம் அடைத்த டோனட். 1920களில் ஹிஸ்டத்ருத் தொழிற்சங்கம் இதைப் பிரபலமாக்கியதாகச் சொல்வார்கள். உருளைக்கிழங்கு அடையை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்துகொள்ளலாம், டோனட்டுக்கு ஆள் வைக்க வேண்டுமே, வேலை கிடைக்குமே என்று. இப்போது பிஸ்தா கிரீம், மேலே ஊசிக் குழாயில் சாக்லேட் என்று அலங்காரம். இரண்டு சாப்பிட்டேன். திகட்டியது. சிவப்பு ஜாம் வைத்த சாதா வகையே மேல்.

ஐந்தாம் இரவு தோழியின் வீட்டில். இங்கேதான் இரண்டு மரபுகளும் முட்டிக்கொள்கின்றன. மொராக்கோ வழக்கப்படி வீட்டுக்கு ஒரு விளக்கு. போலந்து வழக்கப்படி ஆளுக்கு ஒரு விளக்கு. பொதுவாகக் கணவர் வழிதான் செல்லும். ஆனால் மகன் பள்ளியில் போல்ட்டு நட்டு ஒட்டி ஒன்று, மகள் களிமண்ணில் ஒன்று என்று செய்து வந்துவிட்டார்கள். அதை வேண்டாம் என்று எந்த அப்பா சொல்வார்? ஆக, நான்கு பேர், நான்கு ஹனுக்கியா. ஒவ்வொன்றிலும் ஐந்து மெழுகுவர்த்தியும் ஷமாஷும், ஆகமொத்தம் 24 சுடர். கடையில் விற்கும் பெட்டியில் 44 மெழுகுவர்த்தி இருக்கும், ஒரு விளக்குக்கு எட்டு நாளைக்குச் சரியாக அவ்வளவுதான் வேண்டும். இந்த வீட்டில் நான்கு பெட்டி.

ஒவ்வொரு இரவும் ஒன்று கூடுவதும் ஒரு பழைய வாதத்தின் முடிவு. முதல் நாள் எட்டில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும் என்றது ஷம்மாய் என்ற குருவின் பள்ளி. ஒன்றில் தொடங்கிக் கூட்ட வேண்டும், புனிதத்தில் ஏறலாம், இறங்கக் கூடாது என்றது ஹில்லெல் பள்ளி. ஹில்லெல் ஜெயித்தார்.

தோழியின் அம்மா உருளைக்கிழங்கு அடை போட்டார். துருவும் வேலை எனக்கு. பிழிவதில் கோட்டை விட்டேன், முதல் அடை எண்ணெயில் பிரிந்து போனது. அவர் ஒன்றும் சொல்லாமல் துருவலைத் துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தார். பிழிந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடியில் படிந்த வெள்ளை மாவை மட்டும் வழித்துத் துருவலில் சேர்த்தார். பிறகு ஒன்றுகூடப் பிரியவில்லை. தொட்டுக்கொள்ளப் புளித்த கிரீமா, ஆப்பிள் கூழா என்று அங்கே ஒரு சண்டை. நான் குளிர்சாதனப் பெட்டியில் ஸ்ஹூக் இருப்பதைக் கண்டுபிடித்தேன். பச்சைமிளகாயும் கொத்தமல்லியும் பூண்டும் அரைத்த யேமன் துவையல். உருளைக்கிழங்கு அடைக்கு ஸ்ஹூக். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

மெழுகுவர்த்தி எரியும்வரை பிள்ளைகளோடு செவிவோன் ஆடினோம். நாலு பக்கப் பம்பரம், பக்கத்துக்கு ஒரு எபிரேய எழுத்து. நுன் விழுந்தால் ஒன்றும் இல்லை, கிமெல் என்றால் நடுவில் வைத்த காசெல்லாம் உனக்கு, ஹே என்றால் பாதி, பே விழுந்தால் நீ ஒன்று வைக்க வேண்டும். 'பெரிய அற்புதம் இங்கே நடந்தது' என்பதன் முதலெழுத்துகள். மற்ற நாடுகளில் பே இருக்குமிடத்தில் ஷின் இருக்கும், 'அங்கே நடந்தது'. தோழி போலந்துப் பாட்டியின் மரப் பம்பரத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினாள். அதில் ஷின். பாட்டி இங்கே வந்த பிறகும் அதையேதான் சுற்றினாராம். நான் சாக்லேட் காசு பதினொன்றையும் எட்டு வயதுப் பெண்ணிடம் தோற்றேன்.

எட்டாம் இரவு, டிசம்பர் 25, மறுபடி நஹ்லாவோத். ஒன்பது குழியிலும் சுடர். சந்து முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள் ஜொலித்தன. இந்த முறை நான் எழவில்லை. சவ்தா அருகில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடம் கடந்ததும் விமான நேரம், பெட்டி எடை, அலுவலக மின்னஞ்சல் என்று மனம் ஓடியது. அவரைப் பார்த்தேன். லேசாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அரைமணி முடிந்ததும் மாவுப் பாத்திரத்தை என் முன்னால் நகர்த்திவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். இருபத்திரண்டு போட்டேன், மூன்றில் மட்டும் துளை மூடிக்கொண்டது. சாபா அந்த மூன்றில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுதான் இந்தியா வகையா?" என்றார்.

கிளம்பும்போது சவ்தா நான்கு ஸ்ஃபெஞ்சை ஃபாயில் தாளில் சுற்றிக் கொடுத்து, "ஆறுவதற்குள் தின்றுவிடு, ஆறினால் செருப்பு" என்றார். ரயில் நிலையம் பூமிக்கடியில் 80 மீட்டர் ஆழத்தில். நகரும் படிக்கட்டுகள் முடிவதாகவே இல்லை. நடைமேடையில் உட்கார்ந்து பிரித்தபோது ஆறியிருந்தது. செருப்புதான். நான்கையும் தின்றேன்.