வீடு தேடி வரும் ஒயின் பெட்டி: சேரும் முன்பும் திறந்த பின்பும்

தாங்களே தேர்ந்தெடுத்த ஒயின்களைப் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு அனுப்பும் ஒயின் கிளப்பில் சேர்பவர்கள் பெரும்பாலும் விலைச் சலுகையைப் பார்த்துத்தான் சேர்கிறார்கள். அந்தக் கணக்கு அதிக நாள் நிற்காது. முதல் பெட்டிக்குப் பாதி விலை, இரண்டாவதிலிருந்து முழு விலை என்பது பல கிளப்களில் பார்க்கிற சங்கதி. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. நாமாகப் போயிருந்தால் எடுக்கவே மாட்டோம் என்கிற பாட்டில் வீட்டுக்கு வருகிறதே, அதுதான். கடை அலமாரி முன்னால் நின்றால் கை தானாக ஷார்டனே, மெர்லோ என்ற பழகிய திராட்சை ரகங்களின் பக்கம் போய்விடும். கிரேக்கத்தின் நாவுசாவில் விளையும் சினோமாவ்ரோ, இத்தாலியின் எட்னா எரிமலைச் சரிவின் நெரெல்லோ மஸ்கலேசே, ஜார்ஜியாவின் சபெராவி போன்ற ரகங்கள் எல்லாம் பெயர் வாயில் நுழையவில்லை என்பதாலேயே அங்கேயே கிடக்கும்.

சேர்வதற்கு முன், கடந்த மூன்று பெட்டிகளில் என்னென்ன அனுப்பினார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். தயாரிப்பாளர் பெயர், ஊர், திராட்சை ரகம், அறுவடை ஆண்டு ஆகிய நான்கும் அதில் இருந்தால் நம்பிச் சேரலாம். 'தேர்ந்தெடுத்த சிவப்பு ஒயின்கள் 6' என்று மொட்டையாக இருந்தால் யோசிக்க வேண்டும். சில கிளப்கள் ஒயினை மொத்தமாக வாங்கி, தாங்களே ஒரு பெயர் வைத்து, லேபிள் ஒட்டி அனுப்புகின்றன. அதனால் ஒயின் மோசமாகத்தான் இருக்கும் என்றில்லை. ஆனால் அந்தப் பெயரில் வேறெங்கும் விற்பனையே இல்லாதபோது, 'அசல் விலை இவ்வளவு, உங்களுக்கு இவ்வளவு' என்பதைச் சரிபார்க்க வழி ஏது? பிடித்துப்போனாலும் அதே தயாரிப்பாளரின் வேறு ஒயினைத் தேடிப் பிடிக்க முடியாது. பாட்டிலில் அடைத்தது யார் என்பது லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்தின் ஒயின் சொசைட்டி 1874 முதல் கூட்டுறவாக நடக்கிறது. ஒரு பங்கு வாங்கினால் ஆயுள் உறுப்பினர். இத்தனை வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. எல்லாக் கிளப்பும் அவ்வளவு தாராளமில்லை. அடுத்த பெட்டியை நிறுத்திவைக்கக் கடைசித் தேதி எது என்பதை விதிமுறையில் பார்த்துக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்ததும் ஒவ்வொரு பாட்டிலின் கழுத்தையும் பாருங்கள். கார்க் விளிம்புக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கிறதா, மேல் உறைக்கு அடியில் பிசுபிசுப்பாக ஒழுகிய தடம் இருக்கிறதா, மற்ற பாட்டில்களைவிட ஒன்றில் அளவு குறைந்திருக்கிறதா? வண்டியில் வெயில் ஏறி ஒயின் விரிந்தால் இப்படி ஆகும். உறைந்துபோனாலும் கார்க் வெளியே தள்ளும். அப்போதே போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். வெந்துபோன ஒயினில் புதுப் பழத்தின் வாசம் போய் ஜாம் வாசமும் தட்டையான ருசியும் மிஞ்சும். வெயில் காலத்து டெலிவரியைத் தள்ளிப்போட அனுமதிக்கிற கிளப் என்றால் அதற்கே ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம். வந்த பாட்டிலை ஒரு வாரம் அசையாமல் விடுங்கள். அடியில் வண்டல் தங்கும் பழைய ஒயின் என்றால் திறப்பதற்கு முதல் நாளே நிமிர்த்தி வைத்துவிட வேண்டும்.

பெட்டியில் வருவதை ஒவ்வொன்றாகத் திறந்து குடித்தால் மிஞ்சுவது 'நல்லா இருந்துச்சு' என்ற நினைவு மட்டும்தான். இரண்டிரண்டாகத் திறக்க வேண்டும். ஒரே ரகம், வேறு ஊர் என்றால் பிரான்சின் வூவ்ரே ஊர் ஷெனின் பிளாங்குக்குப் பக்கத்தில் தென்னாப்பிரிக்க ஷெனின் பிளாங்க். அல்லது ஒரே ஊர், வேறு ரகம். சிலி நாட்டுக் கார்மெனேர் வந்தால் கூடவே ஒரு சிலி மெர்லோ கேளுங்கள். 1994-ல் பிரெஞ்சு நிபுணர் ழான் மிஷேல் பூர்சிகோ கண்டுபிடித்துச் சொல்லும்வரை, அங்கே கார்மெனேர் கொடிகளை மெர்லோ என்றே நம்பி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்து முகர்ந்தால், கார்மெனேரில் பெரும்பாலும் பச்சைக் குடைமிளகாய் வாசம் எழும்பி வரும்.

ஒரே நாளில் இரண்டு பாட்டில் யார் குடிப்பது? குடிக்க வேண்டாம். 375 மி.லி. பாட்டில் இரண்டு, திருகு மூடியோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சோப்பு வாசம் இல்லாமல் வெந்நீரில் கழுவிக் காயவைத்திருக்க வேண்டும். 750 மி.லி. பாட்டிலைத் திறந்த கையோடு, கிளாஸில் ஊற்றும் முன்பே, புனல் வைத்துச் சின்ன பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். உள்ளே காற்றுக்கு இடமில்லாததால் நான்கைந்து நாள் தாங்கும். மிச்சத்தைப் பாதி காலியான பெரிய பாட்டிலிலேயே விட்டால் மறுநாளே மங்கத் தொடங்கிவிடும்.

ஒரே வடிவ கிளாஸ் இரண்டில் 50 மி.லி. ஊற்றினால் போதும். வெப்பநிலையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 12 டிகிரி, கனமான சிவப்புக்கு 16 முதல் 18. வெள்ளையை ஃப்ரிட்ஜிலிருந்து இருபது நிமிடம் முன்னதாக எடுத்து வையுங்கள். சூடான அறையில் இருந்த சிவப்பை முக்கால் மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வையுங்கள். அதிகம் குளிர்ந்தால் வாசம் அடங்கித் துவர்ப்பு முன்னால் நிற்கும். சூடேறினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும். குறிப்பு எழுதப் பழத்தின் பெயர்களைத் தேடி அலைய வேண்டாம். தாடையோரம் எச்சில் எவ்வளவு ஊறுகிறது (அது புளிப்பு), ஈறு எவ்வளவு வறள்கிறது (அது துவர்ப்பு), விழுங்கிய பிறகு ருசி எத்தனை நொடி நிற்கிறது என்று மூன்றை எழுதினாலே அடுத்த பெட்டியில் என்ன கேட்பது என்று புரிந்துவிடும்.

கெட்டுப்போனதற்கும் பழக்கமில்லாததற்கும் வித்தியாசம் தெரிந்திருப்பது அவசியம். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்துப் பழ வாசமே இல்லையென்றால் கார்க் வழியாக வந்த கோளாறு. காத்திருந்தாலும் போகாது, மாற்றித் தரச் சொல்லுங்கள். தீக்குச்சி கிழித்த வாசம் என்றால் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, சுழற்றி, கால் மணி நேரம் விடுங்கள், பெரும்பாலும் போய்விடும். அடியில் மின்னும் துகள்கள் கண்ணாடித் தூள் அல்ல, திராட்சைப் புளிப்பிலிருந்து குளிரில் படிந்த டார்ட்டாரிக் உப்பு. ஜார்ஜியாவின் குவெவ்ரி மண்ஜாடியில் தோலோடு ஊறிய வெள்ளை ஒயின் தேன் நிறத்தில் துவர்ப்பாகத்தான் இருக்கும். 2013-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறிய முறை அது. கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடாதீர்கள்.

கிளப் தளத்தில் நட்சத்திரம் போடும்போது, பழக்கமில்லாத ருசி என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பாட்டிலுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டால், அடுத்தடுத்த பெட்டிகளில் பழைய மெர்லோவே திரும்பி வரக்கூடும். 'புளிப்பு பிடித்தது, மர வாசம் அதிகம்' என்று ஒரு வரி எழுதுவது எவ்வளவோ மேல். வீட்டில் பன்னிரண்டு பாட்டில் சேர்ந்துவிட்டால் அடுத்த பெட்டியை நிறுத்தி வையுங்கள். இப்படி வருபவற்றில் பெரும்பகுதி இரண்டு மூன்று ஆண்டுக்குள் குடித்துவிட வேண்டியவை. கார்க் போட்டதைப் படுக்கவைத்து, திருகு மூடி போட்டதை எப்படி வேண்டுமானாலும் வைத்து, வெளிச்சம் படாத கீழ்த்தட்டில் அடுக்குங்கள். ஃப்ரிட்ஜின் தலைமேல் மட்டும் வேண்டாம். சூடும் அதிர்வும் சேர்ந்து அடிக்கிற இடம் அது.