கோல் வாசலில் முந்திப்போய் நிற்காதே

கிளிநொச்சியோ முல்லைத்தீவோ, பின்னேர உதைபந்தாட்டப் பயிற்சியில் அடிக்கடி கண்ணில் படுவது ஒன்றுதான். ஓரத்தில் ஆடும் விங்கர் கோட்டோரமாகப் பந்தோடு ஓடத் தொடங்கியதுமே கோல் அடிக்கவேண்டிய ஸ்ட்ரைக்கர் கோல் வாசலுக்குப் போய் நின்றுவிடுவார். பந்து வரும்போது நின்ற நிலையில் எம்பவேண்டும். பக்கத்தில் நிற்கும் டிஃபென்டருக்கு இதைவிடச் சுகமான வேலை இல்லை.

அதனால் உதையைத் திருத்தமுதல் ஓட்டத்தைத் திருத்துங்கள். கோல் கோட்டிலிருந்து 16.5 மீற்றரில் இருக்கும் பெட்டிக்கோட்டில் இரண்டு பேரை நிறுத்துங்கள். விங்கர் கடைசித் தட்டுத் தட்டித் தலையை நிமிர்த்தும்போதுதான் அவர்கள் கிளம்பவேண்டும். ஒருவர் விங்கருக்குக் கிட்டக் கம்பத்துக்கு, மற்றவர் தூரக் கம்பத்துக்கு. கிட்டக் கம்பத்துக்குப் போகிறவர் முதல் இரண்டு எட்டை மறுபக்கம் வைத்துவிட்டு வெட்டித் திரும்பினால் டிஃபென்டர் ஏமாறுவார். மூன்றாமவர் பிந்தி வந்து 11 மீற்றர் பெனால்டிப் புள்ளியைப் பிடிப்பார்.

விங்கர் ஆளைத் தேடி அடிக்கக்கூடாது, இடத்துக்கு அடிக்கவேண்டும்: கீப்பருக்கும் டிஃபென்டர்களுக்கும் நடுவில், 5.5 மீற்றர் கோட்டுக்குச் சற்று வெளியே. உடம்பு பின்னால் சாய்ந்தால் பந்து எல்லாருடைய தலைக்கும் மேலால் போகும். கோல் கோட்டுவரை போய்விட்டாரா? பெனால்டிப் புள்ளிக்குத் தரையோடு பின்னிழுத்துக் கொடுக்கட்டும். பந்துக்குப் பின்னால் நிற்பவருக்கு ஓப்சைட் (முந்தி நின்ற குற்றம்) கிடையாது.

சோளகம் வீசும் மாதங்களில் இன்னொரு கரைச்சல். காற்று மைதானத்துக்குக் குறுக்காக அடித்தால் ஒரு விங்கரின் உயரப் பந்து தூரக் கம்பத்தையும் தாண்டிப் பறக்கும், மறுபக்கத்தவரின் பந்து நடுவானில் நின்றுபோகும். காற்றை எதிர்த்து அடிப்பவர் இடுப்பளவுக்கு மேல் தூக்கவேண்டாம்.

முடிக்கும்போது பலம் தேவையில்லை, வேகம் பந்திலேயே இருக்கிறது. கணுக்காலை இறுக்கி, பாதத்தின் உட்பக்கத்தால் திசையை மட்டும் மாற்றினால் போதும். காய்ந்த கிரவல் தரையில் பந்து கடைசி நேரத்தில் துள்ளும். முழங்கால் பந்துக்கு மேலே வராவிட்டால் அது கம்பத்துக்கு மேலால் வேலிக்குப் போய்விடும். தலையால் முட்டுகிறவர் நெற்றியால், கண்ணைத் திறந்தபடி, கீழ்நோக்கி முட்டவேண்டும். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இதை விட்டுவிடுங்கள், தரைப்பந்தே போதும்.

பக்கத்துக்கு 8 குறொஸ் (ஓரத்திலிருந்து உள்ளே அடிக்கும் பந்து), பிறகு ஆள் மாற்றம். முதலில் டிஃபென்டர் இல்லாமல், பிறகு ஒருவரோடு, கடைசியில் மூன்று ஸ்ட்ரைக்கருக்கு இரண்டு டிஃபென்டர். 20 நிமிடத்தோடு நிறுத்துங்கள். கால் களைத்தால் விங்கரின் பந்துதான் முதலில் கெடும். அன்றைக்கு அவருக்குச் சரிவரவே இல்லையென்றால் பந்தைக் கையால் எறிந்து கொடுக்கச் சொல்லுங்கள், ஸ்ட்ரைக்கர்கள் சும்மா நிற்கத் தேவையில்லை.