காதில் வகுப்பு, கையில் நூல்

மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் வியாழக்கிழமை மத்தியானம் பூமாலை கட்ட உட்கார்ந்தால் நான் எழுந்திருக்க இரவு பத்தாகிவிடும். மறுநாள் வெள்ளி, கடைக்கு 20 மாலையாவது போக வேண்டும். கை தன்பாட்டில் வேலை செய்யும், காதுதான் சும்மா இருக்கும். பல வருடம் அதில் மின்னல் எஃப்எம் வானொலி ஓடியது.

மிஞ்சி அழுகும் பூவை என்ன செய்வது என்று கைப்பேசியில் தேடப் போய்த்தான் பெர்மாகல்ச்சர் என்ற சொல் கண்ணில் பட்டது. ஆஸ்திரேலியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோல்ம்கிரனும் 1978-இல் புத்தகமாக எழுதிய முறை; இயற்கை நடக்கும் விதத்தைப் பார்த்து நிலத்தையும் பயிரையும் அமைப்பது. சான்றிதழ் தரும் 72 மணி நேரப் படிப்புக்கு நிறையப் பணம் கேட்டார்கள். சரி என்று, அமெரிக்காவில் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் நான்கு வார இலவச அறிமுக வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு அது நான்கு மாதமாகியும் முடியவில்லை.

காதால் கேட்டாலே போதும் என்று நினைத்ததுதான் முதல் தப்பு. நிலத்தின் சாய்வும் நீரோட்டமும் படம் பார்க்காமல் ஏறவில்லை. கை ஈரமாக இருக்கும், எழுதவும் முடியாது. அதனால் பக்கத்தில் ஒரு சாக்குக்கட்டி வைத்துக்கொண்டேன். புரியாத இடம் வந்தால் சிமெண்டுத் தரையில் ‘14 நிமிடம், வாய்க்கால்’ என்று கிறுக்கிவிடுவேன். இரவு சாப்பிட்டுவிட்டு அந்த இடங்களை மட்டும் போட்டுப் பார்ப்பேன்.

வகுப்பு நடத்தும் ஆரிகனில் வெயில் தெற்கிலிருந்து வரும், ஆஸ்திரேலியாக்காரர்கள் வடக்கு என்பார்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு 5 டிகிரி வடக்குக்குள்ளேயே இருக்கிறோம். நான் உட்காரும் திண்ணையிலேயே ஜூனில் வெயில் வடக்கே சாய்கிறது, டிசம்பரில் தெற்கே. இத்தனை வருடம் பாயை நகர்த்திப் போட்டும் அது ஏன் என்று யோசித்ததில்லை.

சரிவில் சமமட்டம் பார்த்து வாய்க்கால் வெட்டி மழைநீரை மண்ணில் இறக்கும் பாடம் வந்தது. மூன்று குச்சியை ஆங்கில ‘A’ எழுத்துபோல் கட்டி, மாலை நூலில் கல்லைத் தொங்கவிட்டு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து நின்றார். பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், முப்பது வருடம் வேலை செய்தவர். “மண்ணு ஓடாம இருக்க மேட்டுல குழி வெட்டுவோமே, அதானேம்மா? இதுக்கு வகுப்பா?” என்றார். இளம் கன்றுகளுக்கு நடுவே தோட்டத்தில் விட்ட கொடியும் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் மூடுபயிர்தான் என்று சொன்னேன். “எங்களுக்கு அது கொடி, அவ்வளவுதான்” என்று போய்விட்டார்.

அவரிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம். எங்கள் கொல்லை சரிவே இல்லாத களிமண். அக்டோபர் மழையில் நான் வெட்டிய இரண்டடி வாய்க்காலில் தண்ணீர் ஐந்து நாள் அப்படியே நின்றது. பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரம் வந்து, “டிங்கி காய்ச்சல் வந்தா யார் பொறுப்பு?” என்றார். அவர் கேட்டது நியாயம். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். அன்றைக்கே வாழைத்தண்டு, காய்ந்த மட்டை, அழுகிய பூ எல்லாவற்றையும் போட்டு மேடாக நிரப்பி, சுற்றி நான்கு வாழைக்கன்று வைத்தேன். நடுவில் போடுவது மக்கி வாழைக்கே உரமாகும் ‘வாழை வட்டம்’, அதே வகுப்பில் கேட்டதுதான்.

பூ இரண்டு மாதத்தில் மக்கிவிட்டது. நைலான் நூலும் ஜிகினாவும் மக்கவில்லை, மண்வெட்டியில் சுற்றிக்கொண்டு வந்தன. ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்து பிரித்தெடுத்தேன். இப்போது வீட்டுக்கான மாலைகளை வாழை நாரில்தான் கட்டுகிறேன். பட்டையை உரித்துக் காயவைத்து, கட்டும் முன் நனைத்து, நகத்தால் கிழிக்க வேண்டும். கடைக்காரர் மட்டும் நூல்தான் வேண்டும் என்கிறார்.

இந்த வாரம் காற்றுத்தடுப்புப் பாடத்தில் இருக்கிறேன். நேற்று அம்மா திண்ணையைக் கழுவிவிட்டதில் எந்த நிமிடத்தில் விட்டேன் என்பது போய்விட்டது. முதலிலிருந்து கேட்க வேண்டும்.